பதில் தராத முகவரிகள்

ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி இணைய முகவரிகள்தான். பங்கிட்டுக் கொடுப்பதற்கான உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. கொடுத்தவை எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றனவா? ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கலாம். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான இசட்மேப், ஒரே கணினியிலிருந்து, ஜிகாபிட் இணைப்பில், 45 நிமிடத்துக்குள் முழுப் பரப்பையும் ஸ்கேன் செய்துவிடும். யாருக்கு அனுப்பினோம் என்று அது பட்டியல் வைத்துக்கொள்வதில்லை. அனுப்பும் பாக்கெட்டிலேயே ஒரு குறியைப் பொதித்து, வரும் பதிலில் அந்தக் குறி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. முகவரிகளையும் வரிசையாகத் தொடாமல் கலைத்துப் போட்டே தொடுகிறது. இல்லாவிட்டால் ஒரே நிறுவனத்தின் வாசலில் ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகள் ஒரே நேரத்தில் குவிந்துவிடும்.

வேகம் வியக்கத்தக்கதுதான். ஆனால் இப்படி வரும் பதில்களின் எண்ணிக்கையை முழுக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. பதில் வந்தால் அங்கே ஏதோ இயங்குகிறது என்று பொருள். வராவிட்டால் எதுவுமே நிரூபணமாவதில்லை. ஃபயர்வால் தடுத்திருக்கலாம், வீட்டு ரவுட்டர் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். மறைந்திருப்பவற்றை எப்படி எண்ணுவது? ஏரி மீன்களை எண்ணுகிறவர்கள் ஒருமுறை பிடித்து அடையாளமிட்டு விடுவார்கள். மறுமுறை வலையில் அடையாளமிட்டவை எத்தனை என்று பார்த்து மொத்தத்தைக் கணிப்பார்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, பிங் எனும் சோதனைப் பாக்கெட்டுகளை அனுப்பும் ஸ்கேன், சர்வர் பதிவுகள் போன்ற பல வலைகளை வீசி, 120 கோடி முகவரிகள் பயன்பாட்டில் இருப்பதாகக் கணித்தது. பிங்குக்குப் பதில் தரும் சர்வர் இணையதளம் பார்க்கப் போகாது. இணையதளம் பார்க்கும் வீட்டுக் கணினி பெரும்பாலும் பிங்குக்குப் பதில் தராது. அப்படியிருக்க மீன் கணக்கு இங்கே செல்லுமா என்று கேட்பது நியாயமே. அதனால்தான் மூலங்களுக்கு இடையிலான சார்பையும் கணக்கில் சேர்த்தார்கள். பின்னர் ஒரு பெரிய உள்ளடக்க விநியோக நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது நேரடியாகத் தென்பட்டவையும் 120 கோடிதான். ஆண்டு முழுதும் சேர்ந்த தொகை அது. ஒரே பொழுதில் இயங்கியவை அதைவிடக் குறைவு என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு முகவரிக்குப் பின்னால் நூறு கைபேசிகள் இருக்கலாம் என்பதால், ஆட்களின் எண்ணிக்கையை இதிலிருந்து பெற முயல்வது வீண்.

மிகப் பெரிய முகவரிப் பரப்பு கொண்ட புதிய முறையான ஐபிவி6-இல் தட்டிப் பார்க்கும் வழியே அடைபடுகிறது. ஒரு வீட்டு இணைப்புக்கு வழக்கமாகக் கிடைக்கும் 64 பிட் பரப்பை மட்டும் இசட்மேப்பின் அதே வேகத்தில் முடிக்க மூன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அங்கே ஸ்கேன் செய்பவர்கள், வேறு வழிகளில் ஏற்கெனவே தெரியவந்த முகவரிகளின் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.