காந்தி கண்ட கிராமமும் மேலவளவும்

1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் கப்பலில், அந்தக் கப்பலின் கடிதத்தாளிலேயே காந்தி ‘இந்திய சுயராஜ்யம்’ நூலைக் குஜராத்தியில் எழுதினார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினார். ஆங்கிலேயன் போய் அவன் நாகரிகம் மட்டும் தங்கினால் அது விடுதலையே அல்ல என்பது அவர் வாதம்; அதற்கு மாற்றாக அவர் காட்டியது கிராமம். மறு ஆண்டே பம்பாய் அரசு நூலைத் தடைசெய்தது. அன்று கிராமத்தின் பக்கம் நிற்பதே பேரரசை எதிர்ப்பதாக இருந்தது.

1945 அக்டோபரில் நேருவுக்கு எழுதிய கடிதத்திலும் கிராமமே இந்தியாவின் அடிப்படை என்று காந்தி வலியுறுத்தினார். நேரு ஏற்கவில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இன்னும் கடுமையாக மறுத்தார்: அறியாமையும் குறுகிய மனமும் குடிகொண்ட இடம் கிராமம் என்றார். சேரியிலிருந்து பார்த்தவருக்கு ஊர் வேறெப்படித் தெரியும்?

இந்த வழக்கின் இரு தரப்பையும் மதுரை மாவட்டத்திலேயே பார்க்கலாம். லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்ற ஜே.சி.குமரப்பா, காந்தியப் பொருளாதாரத்துக்கு உருக்கொடுத்தவர், கடைசிக் காலத்தில் வந்து தங்கியது டி.கல்லுப்பட்டியில். அதே மாவட்டத்து மேலவளவில், தனித்தொகுதியில் வென்ற ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்த தலித்துகள் ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று, மதுரையிலிருந்து திரும்பும் வழியில் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். தலைவர் நாற்காலியில் அவர் உட்காரக்கூடாது என்பதுதான் காரணம்.

1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் காந்தி கேட்ட பஞ்சாயத்தைச் சட்டமாக்கியது. தலித்துகளுக்கும் பெண்களுக்கும் அதில் இடம் ஒதுக்கி, அம்பேத்கரின் அச்சத்துக்கும் ஓரளவு பதில் சொன்னது. இன்று ஊருக்குள் செல்போன் கோபுரம் நிற்கிறது, பிள்ளைகள் பொறியியல் படிக்கிறார்கள். ஆனாலும் தலித் தலைவருக்கு நாற்காலி மறுக்கப்பட்ட செய்தி 2020-இலும் வந்தது. நிதிக்கு ஊராட்சி இன்னும் மேலிடத்தைத்தான் எதிர்பார்த்து நிற்கிறது.

அதிகாரம் கிராமத்தில் இருக்கவேண்டும் என்றதில் காந்தி சரி. கிராமத்தில் அது யார் கையில் சேரும் என்று கேட்டதில் அம்பேத்கர் அதைவிடச் சரி. காந்தி பிறந்த அக்டோபர் 2-இல் தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுவது வழக்கம். உங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். தலைவர் எங்கே உட்கார வைக்கப்பட்டிருக்கிறார் என்பதையும் பாருங்கள்.