கீல் என்பது முழங்கை

உங்கள் வீட்டுக் கதவின் முன் சென்று நில்லுங்கள். கைப்பிடிக்கு அருகில் ஒரே விரலை வைத்துத் தள்ளுங்கள். கதவு எளிதாகத் திறந்துகொள்ளும். இனி அதே விரலைக் கீலிலிருந்து இரண்டு அங்குலத் தொலைவில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். விரல்தான் வலிக்கும். விசையின் திருப்புத் திறன் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள்: விசையைச் சுழலச்சிலிருந்து அதன் செங்குத்துத் தொலைவால் பெருக்கினால் வருவது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த இந்த ஒரு வரியைக் கொண்டே ஒரு மல்யுத்தக் கலையின் பாதியைப் புரிந்துகொள்ளலாம் என்றால் நம்புவீர்களா?

அக்கலையின் பெயர் பிரேசிலிய ஜியு-ஜிட்சு. இதன் வேர் ஜப்பானில் இருக்கிறது. ஜிகோரோ கானோ 1882-இல் தோற்றுவித்த கொடோகான் ஜூடோ பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேதா என்பவர், 1914-இல் பிரேசில் நாட்டுக்கு வந்தார். அமேசான் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள பெலெம் நகரில் கார்லோஸ் கிரேசி என்ற இளைஞர் அவரிடம் பயின்றார். கார்லோஸும் அவருடைய தம்பிகளும் அக்கலையைத் தரையில் கிடந்து போரிடும் முறையாக வளர்த்தெடுத்தனர். இங்கே குத்தும் உதையும் இல்லை. எதிராளியின் கையையோ காலையோ கழுத்தையோ பிடியில் சிக்கவைத்து, 'போதும்' என்று அவரே ஒப்புக்கொள்ளச் செய்வதுதான் முழு வெற்றி. ஒப்புக்கொள்வது எப்படி? எதிராளியின் உடம்பிலோ தரையிலோ உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை தட்டினால் போதும். தட்டிய கணமே பிடி விடப்பட வேண்டும்.

புதிதாகச் சேருபவர்கள் முதலில் கற்கும் பிடிகளில் ஒன்று கைப்பூட்டு. ஜப்பானிய மொழியில் இதற்கு 'ஜூஜி-கடாமே' என்று பெயர். ஜப்பானியர் பத்து என்ற எண்ணைக் கூட்டல் குறி போலவே எழுதுவார்கள். இப்பிடியில் இருவரின் உடல்களும் அந்தக் குறியைப் போல் குறுக்காகக் கிடக்கும். பிடிப்பவர் மல்லாந்து படுத்து, எதிராளியின் கையைத் தம் தொடைகளுக்கு இடையில் இறுக்கிக்கொள்கிறார். அவருடைய கால்கள் எதிராளியின் மார்பின் மேலும் கழுத்தின் மேலும் கிடக்கின்றன. எதிராளியின் மணிக்கட்டை இரு கைகளாலும் தம் மார்போடு அணைத்துக்கொண்டு, இடுப்பை மெல்ல உயர்த்துகிறார். பொங்கல் கரும்பை முட்டியில் வைத்து இரு முனைகளையும் கீழே அழுத்தி ஒடித்திருக்கிறீர்கள் அல்லவா? அதே அமைப்புதான் இது. முட்டியின் இடத்தில் இடுப்பு; கரும்பின் நடுவில் முழங்கை.

கணக்கைப் பார்ப்போம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். மணிக்கட்டை 200 நியூட்டன் விசையோடு இழுப்பதாகக் கொள்வோம். அது 20 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கும் விசை. 200 × 0.25 = 50 நியூட்டன் மீட்டர். இதை எதிர்த்துக் கையை மடக்க வேண்டியது மேற்கையின் முன்புறமுள்ள இருதலைத் தசை. ஆனால் அத்தசை முழங்கை மூட்டுக்கு மிக அருகில், ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் தொலைவில்தான் எலும்போடு பற்றியிருக்கிறது. ஆகவே அது தர வேண்டிய விசை 50 ÷ 0.04 = 1250 நியூட்டன்! கீலருகே கதவைத் தள்ளும் விரலின் நிலைதான் அந்தத் தசைக்கு. கை நிமிர நிமிர அந்த 4 சென்டிமீட்டரும் குறைந்துகொண்டே போகும். எதிர்ப்புறத்திலோ இடுப்பு, முதுகு, தொடை என்று உடலின் மிகப் பெரிய தசைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து வேலை செய்கின்றன. ஒல்லியானவர் பருமனானவரை வெல்வதில் மந்திரம் எதுவும் இல்லை.

புதியவர் செய்யும் தவறும் இங்கேயே விளங்கிவிடும். அவர் மணிக்கட்டை விட்டுவிட்டு முன்கையின் நடுவில் பிடிப்பார். தொலைவு பாதியாகிவிட்டது, விசை இரண்டு மடங்கு வேண்டும். "எனக்குப் பலம் போதவில்லை" என்று அவர் நினைத்துக்கொள்வார். அவருக்குப் போதாதது பன்னிரண்டு சென்டிமீட்டர்.

இன்னொரு பிடியைப் பாருங்கள். எதிராளியின் முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, முன்கையையே கைப்பிடியாகக் கொண்டு மேற்கையைத் திருகுவது. திருகாணியை ஸ்பானரால் முறுக்குவது போல, இங்கே முறுக்கப்படுவது தோள்மூட்டு. முழங்கை செங்கோணத்தில் இருக்கும்போது மணிக்கட்டுக்கும் மேற்கையின் அச்சுக்கும் இடையேயுள்ள செங்குத்துத் தொலைவு மிக அதிகம். எதிராளி எப்படியாவது கையை நீட்டிவிட்டால் அத்தொலைவு சுழியாகிவிடும், திருகவே முடியாது. பாடநூலில் 'சைன் தீட்டா' எதற்கு வருகிறது என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன்.

இப்பிடியின் ஜப்பானியப் பெயர் 'உடே-கராமி'. ஆனால் பிரேசிலிய ஜியு-ஜிட்சுக்காரர்கள் இதைக் 'கிமுரா' என்று அழைக்கிறார்கள். அதற்கு ஒரு கதை உண்டு. 1951 அக்டோபர் 23 அன்று ரியோ டி ஜெனீரோ நகரின் மரக்கானா மைதானத்தில், கார்லோஸின் தம்பி எலியோ கிரேசியும் ஜப்பானின் ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவும் மோதினார்கள். எலியோ மெலிந்தவர், கிமுரா அவரைவிட மிகவும் எடை கூடியவர். இரண்டாம் சுற்றில் எலியோவின் இடக்கை இந்தப் பிடியில் அகப்பட்டது. கிமுரா திருகினார். எலியோ தட்டவில்லை. மேலும் திருகினார். அப்போதும் தட்டவில்லை. எலும்பு முறிந்தது என்று கிமுரா பின்னாளில் எழுதினார். கடைசியில் அண்ணன் கார்லோஸ் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினார். தோற்றவரின் மரபினர் வென்றவரின் பெயரையே பிடிக்குச் சூட்டியது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. எலியோ தட்டாமல் இருந்ததை வீரம் என்று பலர் புகழ்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தோள்மூட்டுக்குத் தன்மானம் தெரியாது.

கழுத்துப் பிடிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவை பெரும்பாலும் மூச்சை நிறுத்துவதற்கானவை அல்ல. கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளை அழுத்துபவை. இரத்த அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், அது 16,000 பாஸ்கல். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.6 நியூட்டன்தான். இடையிலுள்ள தசைகள் கொஞ்சம் தாங்கும் என்றாலும், தேவைப்படும் விசை நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. பத்து விநாடி அளவிலேயே ஒருவர் நினைவிழக்கக்கூடும். நினைவிழந்தவர் தட்ட முடியாது. நீங்களும் அதை விளையாட்டு என்றே எண்ணிக்கொண்டிருப்பீர்கள். கைப்பேசியில் பார்த்துவிட்டு வகுப்பறையிலோ விடுதியிலோ இதை எவர் மேலும் செய்து பார்க்காதீர்கள். நண்பன் "செய்துதான் பாரேன்" என்று கழுத்தைக் காட்டினாலும் கூடாது. ஆசிரியர் பக்கத்தில் நிற்கும் பயிற்சிக் கூடத்தில் கற்க வேண்டியது அது.

அந்தப் பயிற்சிக் கூடத்தில் எப்படிக் கற்பிக்கிறார்கள்? முதலில் எதிராளி எதிர்ப்பதே இல்லை. கையைக் கொடுத்துவிட்டுக் கிடப்பார். பிடியின் ஒவ்வோர் அசைவையும் மிக மெதுவாகச் செய்ய வேண்டும். பிறகு சிறிது எதிர்ப்பார். பிறகு இன்னும் சிறிது. வெள்ளை வாரிலிருந்து நீலம், ஊதா, பழுப்பு வழியாகக் கறுப்பு வாரை எட்டப் பலருக்குப் பத்து ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. நீல வாருக்கே பதினாறு வயது நிரம்பியிருக்க வேண்டும். குதிகாலைத் திருகி முழங்காலைத் தாக்கும் பிடியை வெள்ளை வார்க்காரருக்குப் போட்டிகளில் அனுமதிப்பதில்லை. அதில் வலி பெரிதாகத் தெரியுமுன்பே முழங்காலின் இணைப்பு நார்கள் கிழியத் தொடங்கிவிடலாம்.

ஏன் அவ்வளவு மெதுவாக? இதற்கும் ஒரு கணக்கு உண்டு. வலியை உணர்ந்து தட்டுவதற்கு ஒருவருக்கு 0.3 விநாடி ஆகிறது என்று வையுங்கள். தட்டலை உணர்ந்து பிடியை விட மற்றவருக்கு இன்னும் 0.3 விநாடி. மொத்தம் 0.6. விநாடிக்கு 100 பாகை வேகத்தில் கையை வெட்டி இழுத்தால், அந்த இடைவெளிக்குள் கை 60 பாகை போய்விடும். நேராக நிமிர்ந்த முழங்கை அதற்கு மேல் பின்னோக்கிச் சில பாகைதான் தாங்கும். விநாடிக்கு 5 பாகை என்று இழுத்தாலோ, 3 பாகைதான். தட்டும் வழக்கம் பயன்படுவது மெதுவாக இழுப்பவரிடம் மட்டுமே.

உங்கள் எதிர்வினை நேரம் எவ்வளவு? 30 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்றை நண்பர் மேல்முனையில் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழ்முனையில், சுழிக்கு நேராக, தொடாமல் உங்கள் இரு விரல்களை வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் விட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும். 15 சென்டிமீட்டரில் பிடித்தால் ஏறத்தாழ 0.17 விநாடி, 20 சென்டிமீட்டர் என்றால் 0.2 விநாடி. மற்ற அளவுகளுக்கு s = ½gt² என்ற சமன்பாட்டைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பத்து முறை செய்து சராசரி காணுங்கள். பிறகு நண்பரோடு பேசிக்கொண்டே பத்து முறை செய்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். கிடைத்த நேரத்தோடு நண்பருடைய நேரத்தையும் கூட்டி, 100-ஆல் பெருக்குங்கள். உங்கள் முழங்கை எத்தனை பாகை போயிருக்கும் என்பதே விடை.