சாக்கடைக் குளங்களில் துர்நாற்றம் உண்டாகும் காரணமும் அதன் நிவாரணமும்

நகரங்களின் சாக்கடை நீர் நகர எல்லையோடு நின்றுவிடுவதில்லை. தாழ்ந்த பூமியை நோக்கி ஓடி, பெரும்பாலும் பயிர் நிலங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் அருகிலேயே குளங்களில் தேக்கப்படுகிறது. இங்ஙனம் தேக்கிச் சுத்தம் செய்வதற்கென வெட்டப்பட்ட குளங்கள் உலகின் பல பாகங்களிலும் இருந்து வருகின்றன. செலவு சொற்பம், இயந்திரம் அதிகம் வேண்டுவதில்லை என்னும் காரணங்களால் நகரசபைகள் இவற்றை விரும்புகின்றன. ஆயினும் அண்டை நிலக்காரர்கள் செய்துகொள்ளும் முறையீடு எங்கும் ஒன்றே, அது துர்நாற்றம். சாக்கடை என்றால் நாறத்தானே செய்யும் என்று கூறி மனுவைக் கட்டி வைத்துவிடும் உத்தியோகஸ்தர்களும் உண்டு. இப்பதில் தவறானது. கிரமமாக வேலை செய்யும் சுத்திகரிப்புக் குளத்தின் கரையில் நிற்பவருக்குப் பாசி படர்ந்த ஏரிக்கரையில் வீசும் வாடைக்கு மேல் அதிகமாக ஒன்றும் தோன்றாது. கடும் நாற்றம் எழுமாயின், குளத்தின் வேலை எங்கோ தடைப்பட்டிருக்கிறது என்றே கொள்ளல் வேண்டும். அத்தடை எவ்வாறு நேருகிறது, எதனால் தீருகிறது என்பவற்றை நியூஜிலாந்து தேசத்துக் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2021ஆம் வருஷம் முதல் நிகழ்ந்தவை தெளிவாகக் காட்டுகின்றன.

முதலில் குளத்தின் வேலை இன்னதென்று அறிதல் நலம். சாக்கடை நீரில் மலம், உணவுக் கழிவு, கொழுப்பு முதலிய அழுகும் பொருள்கள் கரைந்தும் மிதந்தும் கிடக்கின்றன. இவற்றைத் தின்று ஜீவிக்கும் நுண்ணுயிர்கள் அந்நீரிலேயே கணக்கற்றவை உண்டு. தின்னும்போது அவை, கால்நடைகள் மூச்சு விடுவது போலவே, பிராணவாயுவைச் செலவு செய்கின்றன. ஆகையால் நிபுணர்கள் ஒரு நீரின் அழுக்கை, அதைத் தின்று தீர்ப்பதற்கு நுண்ணுயிர்களுக்கு வேண்டியிருக்கும் பிராணவாயுவின் எடையைக் கொண்டே அளக்கின்றனர். சாதாரணச் சாக்கடை நீர் லிட்டர் ஒன்றுக்கு இத்தேவை 200 முதல் 300 மில்லிகிராம் வரையில் இருக்கும். நீரோ தன்னுள் அடக்கிக் கொள்ளக்கூடிய பிராணவாயு மிகவும் சொற்பம். 20 டிகிரி உஷ்ணத்தில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம். வெயில் ஏற ஏறக் கையிருப்புக் குறைந்தே போகிறது. வரவு இடைவிடாது வந்துகொண்டிருந்தாலன்றி இக்கணக்கு ஒருநாளும் சரிக்கட்டாது.

வரவுக்கு வழி இரண்டே. ஒன்று, நீர்ப்பரப்பின்மேல் வீசும் காற்று. அசையாத நீரில் இது மிக மெதுவாகவே இறங்கும். மற்றொன்று பாசி. கண்ணுக்குத் தனித்தனியே புலப்படாத பச்சைப் பாசி, சூரிய வெளிச்சத்தில் உணவு சமைத்துக்கொண்டு பிராணவாயுவை வெளியிடுகிறது. நுண்ணுயிர்கள் அதை வாங்கி அழுக்கைத் தின்று கரியமில வாயுவை விடுகின்றன. பாசி அதை மீண்டும் வாங்கிக் கொள்கிறது. இவ்விரண்டின் கூட்டு வியாபாரமே குளத்தின் சுத்திகரிப்பு ஆகும். வெளிச்சம் ஆழத்தில் இறங்காதாகையால் இக்குளங்கள் நாலைந்து அடி ஆழத்திற்கு மேல் பெரும்பாலும் வெட்டப்படுவதில்லை. ஆழத்திற்குப் பதிலாகப் பரப்பே தேவைப்படுகிறது. நிலக்காரர்களிடமிருந்து ஏக்கர் கணக்கில் பூமி கேட்கப்படுவதன் காரணம் இதுவே.

ஓர் ஏக்கர் குளம் எவ்வளவு அழுக்கைத் தாங்கும் என்பது சீதோஷ்ணத்தைப் பொறுத்தது. குளிர்மாத உஷ்ணம் 25 டிகிரியாக உள்ள பிரதேசத்தில், நாளொன்றுக்குச் சுமார் 140 கிலோகிராம் பிராணவாயுத் தேவையுள்ள அழுக்கை ஓர் ஏக்கரில் விடலாம் என்று திட்டமிடுவோர் கொள்கின்றனர். உஷ்ணம் 10 டிகிரிக்கு இறங்கும் பிரதேசத்தில் 40 கிலோகிராமுக்கு மேல் கூடாது. மாடு ஒன்றுக்கு இத்தனை ஏக்கர் மேய்ச்சல் என்று கணக்கிடுவதைப் போன்றதே இதுவும். அளவுக்கு மிஞ்சி மாடுகளை விட்டால் புல் அற்றுப்போவது போல, அளவுக்கு மிஞ்சி அழுக்கை விட்டால் பிராணவாயு அற்றுப்போகும்.

அற்றுப்போன பின் நடப்பதென்ன? பிராணவாயு இன்றியே ஜீவிக்கவல்ல வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுக்கின்றன. அவற்றுள் ஒரு வகை, நீரில் கரைந்துள்ள கந்தக உப்புக்களிலிருந்து பிராணவாயுவைப் பிரித்து எடுத்துக்கொண்டு, மிகுந்த கந்தகத்தை ஹைட்ரஜனோடு சேர்த்து வெளிவிடுகிறது. அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு இதுவே. நெல் பயிரிடுவோர் இதனைத் தம் வயலிலேயே கண்டிருப்பார்கள். பசுந்தழை உரத்தை அளவுக்கு மேல் மிதித்து, அது மக்குவதற்குள் நாற்று நட்டு, நீரை வடிக்காது தேக்கி வைத்தால், சேற்றில் கால் வைத்தவுடன் குமிழிகள் எழுந்து நாறும். பயிரைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்திருக்கும். குளத்தில் நிகழ்வதும் அதுவே, அளவுதான் வேறு.

மனித மூக்கு இவ்வாயுவை மிகக் கூர்மையாக உணர்கிறது. காற்றில் நூறு கோடிப் பங்கில் சில பங்கு கலந்திருந்தாலே தெரிந்துவிடும். இங்கு எச்சரிக்கை ஒன்று கூற வேண்டியிருக்கிறது. திறந்த வெளியில் நாற்றமாக மட்டும் தோன்றும் இதே வாயு, மூடிய சாக்கடைக் குழியிலும் மலத்தொட்டியிலும் செறிந்து நிற்குமாயின் மூக்கின் உணர்ச்சியையே மரக்கச் செய்து, சில நிமிஷங்களில் உயிரைக் கொள்ளும். குழியில் நாற்றம் நின்றுவிட்டதென்று ஆளை இறக்குவது கொலைக்குச் சமானம்.

இனிக் கிறைஸ்ட்சர்ச் விஷயம். மூன்றரை லட்சத்திற்கு மேற்பட்ட ஜனத்தொகையுள்ள இந்நகரின் சாக்கடை, கீழ்த்திசையில் கடலுக்கு அண்மையிலுள்ள பிராம்லி என்னும் பகுதிக்குச் செல்கிறது. 1882ஆம் வருஷத்திலேயே அங்குள்ள மணற்பாங்கான பூமியில் சாக்கடை நீரைப் பாய்ச்சும் பண்ணை ஒன்று ஏற்பட்டது. நகரம் பெருத்தபின் பண்ணைக்குப் பதிலாகச் சுத்திகரிப்பு நிலையமும், அதையொட்டி ஆறு குளங்களும் அமைந்தன. குளங்களின் பரப்புச் சுமார் 230 ஹெக்டேர், அதாவது 570 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. 2010ஆம் வருஷம் முதல் குளத்தைக் கடந்த நீர் குழாய் வழியே கரையிலிருந்து 3 கிலோமீட்டர் தூரம் கடலுக்குள் விடப்படுகிறது. அதற்கு முன் அது அருகிலுள்ள கழிமுகத்தில் கலந்துவந்தது.

இவ்வளவு பெரிய குளங்களாயினும், நகரத்தின் அழுக்கு முழுவதையும் அவை நேரே ஏற்றதில்லை. முதலில் தொட்டிகளில் கனத்த பொருள்கள் படிய விடப்பட்டன. பிறகு நீர் துளிவடிகட்டி எனப்படும் இரண்டு பிரமாண்டமான வட்டத் தொட்டிகளின்மேல் தெளிக்கப்பட்டது. பெயர் வடிகட்டியாயினும் அங்கு வடிகட்டுவது ஒன்றுமில்லை. முற்காலத்தில் கருங்கல் ஜல்லியும், தற்காலத்தில் பிளாஸ்டிக் கூடுகளும் நிரப்பிய தொட்டி அது. கூடுகளின்மேல் வழவழப்பான படலமாக நுண்ணுயிர்கள் படர்ந்திருக்கும். நீர் மேலிருந்து சொட்டச் சொட்ட, இடையே காற்று ஊடாட, அவை அழுக்கைத் தின்றுவிடும். பளுவான வேலை இங்கேயே முடிந்தபின், மிச்சத்தை மட்டும் குளங்கள் பார்த்துக் கொண்டன.

2021ஆம் வருஷம் நவம்பர் மாதம் 1ஆம் தேதி இவ்விரு வடிகட்டிகளிலும் தீப்பற்றியது. உள்ளிருந்த கூடுகள் பிளாஸ்டிக் ஆனபடியால் எரிந்தும் உருகியும் இரண்டும் ஒருங்கே பயனற்றுப் போயின. நகரத்துச் சாக்கடையோ தீவிபத்தை முன்னிட்டு நிற்பதில்லை. அன்று முதல் வடிகட்டிகள் சுமந்துவந்த பளு குளங்களின்மேல் இறங்கியது. குளம் உடனே நாறிவிடவில்லை, இது கவனிக்கத்தக்கது. கையிருப்பைக் கொண்டு சில காலம் தள்ளிற்று. தென்பூகோளத்தில் நவம்பர் முதல் பெப்ரவரி வரையில் நீண்ட பகற்பொழுது. பாசி தன்னாலியன்ற மட்டும் உழைத்தது. 2022ஆம் வருஷத்தின் முதற்பாதியில் பகல் குறுகக் குறுக நிலைமை மிகவும் மோசமாயிற்று. போதாக்குறைக்கு, வடிகட்டிகளில் அரைகுறையாக எரிந்து நனைந்து கிடந்த பொருள்களே அழுகி நாற்றத்தின் இரண்டாவது ஊற்றாயின.

அந்நகரில் கீழ்காற்று மிகுதி. குளங்கள் இருப்பதோ கீழ்ப்பக்கம். ஆகவே நாற்றம் வீடுகளின்மேலேயே வீசியது. ஜனங்கள் தலைவலி, குமட்டல், தொண்டை எரிச்சல், தூக்கமின்மை முதலியவற்றால் வருந்தினர். சாளரங்களை அடைத்துக்கொண்டு வாழ நேர்ந்தது. வீட்டுச் சுவர்களில் வர்ணம் கறுத்ததாகவும் முறையிட்டனர். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருந்தால் இவ்வாயு அதனோடு சேர்ந்து கருமையை உண்டாக்குவது ரசாயன இயற்கையே. 2022ஆம் வருஷத்தில் நகரசபை அண்டையிலிருந்த மூவாயிரத்திற்கு மேற்பட்ட வீடுகளுக்கு வீடொன்றுக்கு 200 டாலர் உதவித்தொகை வழங்கத் தீர்மானித்தது. பல மாதத் துன்பத்திற்கு இது போதுமா என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. காற்றிலுள்ள வாயுவின் அளவு உயிருக்கு அபாயமானதன்று என்று கருவி காட்டினாலும், இரவெல்லாம் தூங்காதவனுக்கு அது ஆறுதலாகாது.

நிவாரணத்திற்காகச் செய்தவை மூன்று திறத்தன. அழுகிய பொருளை அகற்றுவது ஒன்று: 2022ஆம் வருஷத்தில் வடிகட்டிகளிலிருந்து சுமார் 26,000 கன மீட்டர் பொருள் வாரி எடுக்கப்பட்டது. குளத்திற்கு வரும் பளுவைக் குறைப்பது இரண்டாவது: நீரைத் தெளியவைக்கும் தொட்டிகளில் சிலவற்றை மாற்றியமைத்து, இயந்திரத்தால் காற்றை ஊதி நுண்ணுயிர்களை வளர்க்கும் காற்றூட்டிய வண்டல் முறையைத் தற்காலிகமாகக் கையாண்டனர். குளத்திலேயே காற்றைப் புகுத்துவது மூன்றாவது: நீரைக் கடைந்து சிதறடிக்கும் இயந்திரங்கள் குளங்களில் இயங்கின. இம்மூன்றில் இரண்டாவதே நிலைத்த பயன் தருவதென்று கொள்ளலாம். ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நீரைக் கடைந்தே பிராணவாயுவைப் போதுமளவு ஏற்றுவதென்பது அசாத்தியத்திற்கு அடுத்தது. வாசனைத் திரவம் தெளித்து நாற்றத்தை மறைக்க முயலும் வழக்கம் சில நகரங்களில் உண்டு. அதனால் இரண்டு நாற்றங்கள் உண்டாகுமேயன்றி ஒன்றும் தீராது. எரிந்த வடிகட்டிகளை முன்போலவே மீண்டும் கட்டாமல், காற்றூட்டிய வண்டல் முறையிலேயே நிரந்தர நிலையம் அமைப்பதென்று நகரசபை பின்னர் முடிவு செய்தது.

அந்நகரத்துக்கு முன்னமே எச்சரிக்கை இல்லாமலில்லை. 2011ஆம் வருஷம் பெப்ரவரி 22ஆம் தேதி நேர்ந்த பூகம்பத்தில் 185 பேர் மாண்டனர். சாக்கடைக் குழாய்கள் வெடித்து மணலும் வண்டலும் நிலையத்துள் புகுந்தன. அப்போதும் குளங்களின்மேல் அளவுக்கு மிஞ்சிய பளு ஏறியது. முன்வேலை செய்யும் உறுப்பு ஒன்று கெட்டால் குளம் தனியே எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கு, குளம் வெட்டும்போதே கேட்கப்பட வேண்டியதாகும்.

தம் கிராமத்தருகே இத்தகைய குளம் அமையுமாயின், நிலக்காரரும் கிராம உத்தியோகஸ்தர்களும் சில விவரங்களை எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுதல் உசிதம். நாளொன்றுக்கு வரும் நீர் எவ்வளவு, அதன் பிராணவாயுத் தேவை எவ்வளவு, குளத்தின் பரப்பு எத்தனை ஏக்கர் என்ற மூன்றும் தெரிந்தால், மேலே கூறிய அளவோடு ஒத்துப் பார்ப்பது எளிது. கணக்குத் தெரிந்த எவரும் ஐந்து நிமிஷத்தில் செய்துவிடலாம். அடிவண்டலை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வாருவார்கள் என்பதையும் கேட்க வேண்டும். வண்டல் ஏறினால் குளம் ஆழங் குன்றி, நீர் தங்கும் காலம் சுருங்கிவிடும்.

குளம் கெடத் தொடங்குவதைக் கருவியின்றியும் அறியலாம். ஆரோக்கியமான குளம் பச்சை நிறம். கெடுவது சாம்பல் நிறமாகிப் பிறகு கறுக்கும். சில வேளைகளில் கந்தக வாயுவைத் தின்று வாழும் ஒருவகை நுண்ணுயிர் பெருகி நீர் இளஞ்சிவப்பாகத் தோன்றும். இதுவும் பளு மிஞ்சியதன் குறியே. சோதனைக்கு உகந்த நேரம் விடியற்காலை. பகலெல்லாம் பாசி சேர்த்த பிராணவாயு இரவில் செலவழிந்து, சூரியோதயத்திற்குச் சற்று முன் மிகக் குறைந்திருக்கும். மேலும், பகலில் பாசி நீரைக் காரமாக்குவதால் கந்தக வாயு நீரிலேயே அடங்கி நிற்கும். இரவில் காரம் குறைய வெளிப்படும். நண்பகலில் வந்து பார்த்து, நாற்றமில்லை என்று எழுதிச் செல்லும் பரிசோதகரின் அறிக்கையும், விடியலில் மூக்கைப் பொத்திக்கொள்ளும் குடியானவரின் மனுவும் ஒரே குளத்தைப் பற்றியவையாக, இரண்டும் உண்மையாகவே இருக்கக்கூடும். ஆகவே மனுவில் தேதியோடு மணியையும் காற்றின் திசையையும் குறிப்பது மிகவும் பயன்படும்.

கெட்ட குளத்தின் கறுத்த நீரைச் சத்துள்ளதென்று எண்ணி அப்படியே வயலுக்குப் பாய்ச்சுதல் ஆகாது. அதில் தழைச்சத்து உண்டென்பது மெய்யே. ஆயினும் முன் கூறிய கந்தக வாயு நெல்வேரைக் கறுக்கச் செய்யும். நன்றாகச் சுத்தமாகாத நீரில் குடற்புழுக்களின் முட்டைகளும் இருக்கும். அவை மண்ணில் பல மாதங்கள் உயிரோடு தங்கவல்லவை. இத்தகைய நீரைக் கீரை, வெள்ளரி, முள்ளங்கி போன்று பச்சையாக உண்ணப்படும் பயிர்களுக்கு ஒருபோதும் விடலாகாது. குளத்திலிருந்து வாரிய வண்டலையும் ஈரமாகவே வயலில் கொட்டாமல், களங்களில் பரப்பி நெடுங்காலம் உலர வைத்து, ஆலைக் கழிவு கலந்த நகரமாயின் அதிலுள்ள உலோக விஷங்களையும் பரிசோதிக்கச் செய்து, அதன் பின்னரே எருவாக உபயோகிக்கலாம்.