துளையிடும் நச்சா, துளையாகும் நச்சா?

பாக்டீரிய நச்சுகள் சில உயிரணுச் சவ்வைத் துளையிடுகின்றன என்று வகுப்பறையில் கூறுகிறோம். அச்சொல்லைக் கேட்டதும் மரத்தைக் குடையும் துளைக்கருவியே மாணவர் மனத்தில் தோன்றும். அக்கருவியோ துளையிட்டபின் விலகிவிடும். நாம் காணவிருக்கும் நச்சு விலகுவதில்லை. தானே துளையாகி நிலைத்துவிடுகிறது.

ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா சுரக்கும் ஆல்ஃபா நச்சைச் சான்றாகக் கொள்வோம். இது 293 அமினோ அமிலங்களாலான புரதம். உடலில் பரவ வேண்டுமாயின் இது நீரில் கரைய வேண்டும். உயிரணுச் சவ்வோ ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிப்புடைய இரட்டைக் கொழுப்புப் படலம்; அதனுள் தங்க வேண்டுமாயின் கொழுப்போடு இணங்க வேண்டும். முரண்பட்ட இவ்விரண்டும் ஒரே புரதத்திற்கு எவ்வாறு இயலும்?

வடிவமாற்றமே அதற்கு விடை. சுரக்கப்படும் வேளையில் மூலக்கூறுகள் தனித்தனியே உள்ளன. ஒவ்வொன்றின் நடுப்பகுதியும் உடலோடு ஒட்டி மடிந்திருக்கிறது. உயிரணுவின் மேற்பரப்பைப் பற்றியதும் ஏழு மூலக்கூறுகள் வளையமாகக் கூடுகின்றன. பின்னர் ஒவ்வொன்றும் தன் மடிப்பை விரித்து இரண்டு இழைகளை நீட்டுகிறது. இவ்வாறு சேரும் 14 இழைகளும் சவ்வின் ஊடே ஒரு பீப்பாய்ச் சுவராக அமைகின்றன. இழையிலுள்ள அமினோ அமிலங்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக வெளியேயும் உள்ளேயும் நோக்குகின்றன. ஆதலால் சுவரின் புறம் கொழுப்போடு இணங்குகிறது. அகம் நீருக்கு வழிவிடுகிறது.

1996இல் எக்ஸ் கதிர்ப் படிகவியல் வாயிலாக இத்துளையின் முழு வடிவம் வெளியாயிற்று. காளான் போன்ற அதன் உயரம் ஏறத்தாழ 10 நானோமீட்டர். துளையின் மிகக் குறுகிய இடம் ஏறத்தாழ 1.4 நானோமீட்டர். இச்சிறு வழியே உயிரணுவைக் குலைக்கப் போதுமானது. பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உட்புகுகிறது. சிவப்பணுவாயின் நீர் புகுந்து வீங்கி வெடிக்கிறது.

நோயுயிர்முறி மருந்து பாக்டீரியாவைக் கொல்லலாம். ஆனால் முன்னரே வெளிப்பட்ட நச்சை அது அழிப்பதில்லை. ஆகவேதான் நச்சு மூலக்கூறுகள் உயிரணுவைப் பற்றுவதையும் ஒன்றுகூடுவதையும் தடுக்கும் எதிர்ப்பொருள்களை ஆய்வாளர்கள் நாடுகின்றனர். துளையாகும் முறையை அறிந்தாலன்றி, எந்தப் படியில் தடுப்பது என்பது விளங்காது. ‘துளையிடும் நச்சு’ என்பதைத் ‘துளையாகும் நச்சு’ என்று நாம் திருத்திச் சொல்வோமாயின், அவ்வொரு சொல்லே மாணவருக்குப் பாதிப் பாடத்தை உணர்த்திவிடும்.