கைபேசியில் மோட்டார் ஓடவில்லையா?

மரக்காணம் உப்பளப் பகுதியை அடுத்த கீழ்புத்துப்பட்டு போன்ற கடலோரக் கிராமங்களில், கைபேசி மூலம் பம்புசெட்டை இயக்கும் கருவிக்கு உப்புக் காற்றே முதல் எதிரி. எனினும், கருவியை மாற்றுமுன் பழுது எங்கே என்று கண்டறிவது நலம்.

முதலில் மும்முனை மின்சாரம் வருகிறதா எனப் பார்க்க வேண்டும். ஒரு முனை விடுபட்டாலும் கருவி மோட்டாரை ஓடவிடாது. இது பழுதல்ல, மோட்டார் கருகாமல் காக்கும் ஏற்பாடு.

அடுத்து, கருவியைக் கைமுறைக்கு மாற்றி ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்த வேண்டும். ஓடாவிட்டால் குறை ஸ்டார்ட்டரிலோ மோட்டாரிலோ இருக்கும். ஓடினால் குறை கருவிப் பக்கம்.

பின்னர் கருவியின் எண்ணை அழைக்க வேண்டும். மணி அடிக்காவிட்டால் சிம் கார்டின் காலக்கெடு முடிந்திருக்கலாம். ஏரியல் திருகு தளர்ந்திருக்கலாம். 2ஜி கருவியில், 4ஜி சேவை மட்டும் தரும் நிறுவனத்தின் சிம் வேலை செய்யாது. மணி அடித்தும் மோட்டார் ஓடாவிட்டால், அழைக்கும் எண் கருவியில் பதிவாகியுள்ளதா எனப் பார்க்கவும். அதுவும் சரியென்றால், ஸ்டார்ட்டருக்குச் செல்லும் ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கலாம்.

எச்சரிக்கை: வீட்டிலிருந்து யாராவது அழைத்தாலே மோட்டார் ஓடத் தொடங்கும். ஆகவே பெட்டியைத் திறக்குமுன் மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ் கட்டைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். களிம்பை மின் பணியாளரைக் கொண்டு உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, திருகுகளை இறுக்கலாம்.

பெட்டியைக் கடற்காற்று நேரே படாத சுவரில் பொருத்தி, ஒயர் நுழையும் துளைகளை அடைத்துவிட்டால் கருவி நெடுநாள் உழைக்கும்.