பிஜி சட்டசபையும் பொது வாக்காளர் பட்டியலும்

பசிபிக் சமுத்திரத்திலுள்ள பிஜித் தீவுகள் 1874-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டன. கரும்புத் தோட்ட வேலைக்காக 1879-இல் இந்தியாவிலிருந்து முதல் கப்பல் அங்கே சென்றது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் சென்றனர். தமிழர், தெலுங்கர், மலையாளிகள் அனைவருக்கும் அங்கே வழங்கிய பெயர் 'மதராஸி' என்பதே; வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இப்பெயரை விளக்கவேண்டியதில்லை. ஒப்பந்தக் கூலி முறை 1920-இல் ஒழிந்தபின், பெரும்பாலோர் அந்நாட்டையே தம் நாடாகக் கொண்டனர்.

அந்நாட்டின் ஆட்சியில் அவர்களுக்குப் பங்கு என்ன? 1916-இல் பத்ரி மகராஜ் என்பவர் சட்டசபையின் முதல் இந்திய அங்கத்தினரானார். ஆனால் அவர் கவர்னரால் நியமிக்கப்பட்டவரேயன்றி மக்கள் தேர்ந்தெடுத்தவர் அல்லர். தேர்தல் உரிமை 1929-இல்தான் வந்தது. அதிலும் இந்தியர் இந்தியருக்கே, ஐரோப்பியர் ஐரோப்பியருக்கே வாக்களிக்கலாம் என்பது விதி. மிகச் சிறிய சமூகமாகிய ஐரோப்பியருக்கு 6 இடங்கள், இந்தியருக்கு 3. பூர்வகுடிகளாகிய பிஜியருக்கும் 3 இடங்களே. அவர்களுக்கோ வாக்குரிமையே இல்லை, தலைவர்கள் மகாசபை தரும் பட்டியலிலிருந்து கவர்னர் நியமிப்பார்.

விஷ்ணு தேவ், பரமானந்த சிங், ஜேம்ஸ் ராமச்சந்திர ராவ் ஆகிய மூவரும் அவ்வாண்டு தேர்ந்தெடுக்கப்பட்டனர். இன வேறுபாடின்றித் தகுதியுள்ள யாவரையும் ஒரே பட்டியலில் சேர்க்கவேண்டுமென்று விஷ்ணு தேவ் தீர்மானம் கொண்டுவந்தார். எவ்வினத்து வேட்பாளராயினும் எல்லோரிடமும் வாக்குக் கேட்டாக வேண்டும் என்பது அதன் உட்கருத்து. தீர்மானம் தோற்றது, மூவரும் சபையை விட்டு வெளியேறினர். அவ்விடங்களை நிரப்ப 1930-இல் தேர்தல் அறிவித்தபோது ஓர் இந்தியராவது மனுத் தாக்கல் செய்யவில்லை! 1932 வரை அந்நாற்காலிகள் காலியாகவே இருந்தன. அவ்வாண்டில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் ஒருவர் முனிசாமி முதலியார்.

ஐரோப்பியர் எதிர்த்த காரணம் வெளிப்படை. பிஜியரின் அச்சமோ அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று. தம் நிலமும் தலைமையும் எண்ணிக்கை பலத்தால் போய்விடுமோ என்று அவர்கள் கவலைப்பட்டனர். 1946-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியர் தொகை அவர்களை விஞ்சியதும் அக்கவலை மிகுந்தது.

1937-இல் மூன்று இனத்தாருக்கும் தலைக்கு ஐந்தாக 15 இடங்கள் ஏற்பட்டன. சமத்துவம் போலத் தோன்றும். ஆனால் அரசாங்க உத்தியோகஸ்தர் 16 பேரும் அதே சபையில் அமர்ந்திருந்தனர்! மூன்று இனத்தாரும் ஒன்றுபட்டாலும் ஒரு வாக்குக் குறையும்.

பிஜியரும் பெண்களும் 1963-இல்தான் முதன்முதலாக வாக்களித்தனர். 1967-இல், குஜராத்திலிருந்து வந்து குடியேறிய வக்கீல் ஏ. டி. படேல் தலைமையில் பெடரேஷன் கட்சி அங்கத்தினர் ஒன்பதின்மர் பழையபடி வெளிநடப்புச் செய்தனர். பொதுப் பட்டியல் அவர்களுடைய நெடுங்காலக் கோரிக்கை. இம்முறை நாற்காலிகள் காலியாகக் கிடக்கவில்லை: 1968 இடைத்தேர்தலில் ஒன்பதின்மரும் முன்னிலும் அதிக வாக்கு வித்தியாசத்தில் வென்று திரும்பினர். படேல் 1969-இல் காலமானார். மறு ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி பிஜி சுதந்திரம் பெற்றபோதும் இனவாரிப் பட்டியல்கள் நீடித்தன.

இனப் பிரிவின்றி யாவரும் ஒரே பட்டியலில் வாக்களித்தது 2014-ஆம் ஆண்டுத் தேர்தலில்தான். விஷ்ணு தேவின் தீர்மானம் தோற்று 85 ஆண்டுகள் சென்றிருந்தன. 1987-இல் நிகழ்ந்த ராணுவப் புரட்சிகளுக்குப் பின் இந்தியர் பெருந்தொகையாக வெளியேறிவிட்டமையால், அப்பட்டியலில் அவர்கள் சிறுபான்மையினராகவே இருந்தனர்.