2.5 லட்சம் டாலர் ஆலோசனை, முற்றிலும் இலவசம்: 66 நெசவு நிறுவனங்களில் 17 மட்டுமே ஒப்புக்கொண்டது ஏன்?

ஒரு பன்னாட்டு கன்சல்டிங் நிறுவனத்தின் ஆட்கள் உங்கள் ஆலைக்கே வந்து மாதக்கணக்கில் உட்காருவார்கள். எங்கே பணம் வீணாகிறது என்று பார்ப்பார்கள். சரிசெய்யவும் கூடவே நிற்பார்கள். சந்தை விலையில் ஓர் ஆலைக்குச் சுமார் 2.5 லட்சம் டாலர் பெறும் வேலை இது. உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. வேண்டுமா?

2008 வாக்கில் மும்பையைச் சுற்றியுள்ள 66 பருத்தித் துணி நெசவு நிறுவனங்களிடம் இப்படித்தான் கேட்கப்பட்டது. 34 நிறுவனங்கள் ஆர்வம் காட்டின. கடைசியில் ஒப்புக்கொண்டவை 17 தான். மறுத்தவர்கள் சொன்ன காரணங்கள் முக்கியமாக இரண்டு: "எங்களுக்கு இதெல்லாம் தேவையில்லை", "வாரத்துக்கு ஒரு நாள் இதற்கு ஒதுக்க முதலாளிக்கு நேரமில்லை". வெளியாட்கள் உள்ளே வந்தால் வரிக் கணக்கு வெளியே போய்விடுமோ என்ற பயமும் சிலருக்கு இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள்.

ஆய்வாளர்கள் யார்? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் ப்ளூம், உலக வங்கியின் டேவிட் மெக்கென்சி உள்ளிட்ட ஐந்து பேர். ப்ளூமும் ஜான் வான் ரீனனும் அதற்கு முன்பே பல நாடுகளின் தொழிற்சாலைகளுக்கு நிர்வாகத்தில் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுப் பார்த்திருந்தார்கள். நல்ல நிர்வாகம் உள்ள இடத்தில் லாபமும் நன்றாக இருந்தது. ஆனால் இதில் ஒரு சிக்கல். நல்ல நிர்வாகம் லாபத்தைக் கொண்டுவந்ததா, அல்லது லாபம் இருப்பதால் நல்ல மேனேஜர்களை வைத்துக்கொள்ள முடிந்ததா? சர்வேயை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அதனால்தான் பரிசோதனை. 17 நிறுவனங்களையும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் ஒரு மாதம் பிரச்சினைகளைக் கண்டறியும் வேலை நடந்தது. 11 நிறுவனங்களுக்கு மட்டும், அதற்கு மேல் நான்கு மாதம் பக்கத்திலேயே இருந்து மாற்றங்களைச் செய்துகொடுத்தார்கள். மருந்துக்கு டிரையல் நடத்துவதுபோல, இங்கே டிரையலுக்கு வந்தது நிர்வாகம்.

ஆலைக்குள் என்ன இருந்தது?

இவை குடிசைத் தொழில் அல்ல. சராசரியாக 270 பேர் வேலை பார்க்கும், ஆண்டுக்குச் சுமார் 75 லட்சம் டாலர் விற்பனை செய்யும் நிறுவனங்கள். ஆனாலும் குடோனில் நூல் மூட்டைகள் கூரையை நோக்கி அடுக்கிக் கிடந்தன. பின்வரிசை மூட்டையை எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். லேபிள் கிடையாது, ஈரத்திலிருந்து பாதுகாப்பு கிடையாது. ரகமும் நிறமும் கலந்து கிடந்தன. அடியில் நசுங்கிய கோன்களிலிருந்து வரும் நூல், தறியில் ஒரே இழுவிசையில் ஓடாது. துணியில் பழுது அங்கேயே ஆரம்பமாகிவிடும்.

அந்தப் பழுதைச் சரிசெய்ய என்றே தனியாக ஆட்கள். மொத்த ஆள்பலத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு, நெய்த துணியைத் திரும்பப் பார்த்து ஒட்டுப்போடும் வேலையில் இருந்தது. முதலில் ஒழுங்காக நெய்திருந்தால் அந்தச் சம்பளமே மிச்சம்.

கன்சல்டன்ட்கள் கொண்டுவந்தவை மொத்தம் 38 நடைமுறைகள். ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. எந்தத் தறியில், எந்த டிசைனில், என்ன வகைப் பழுது என்று தினமும் பதிவு செய்வது. அதை வைத்து மேனேஜர்கள் தினமும் உட்கார்ந்து பேசுவது. தறி நிற்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே பராமரிப்பது. நூலை ரகம் பிரித்து அடுக்கிக் கணக்கு வைப்பது. இதில் அழகான ஒன்று உண்டு. மிஞ்சிப்போன நூலுக்கு நிற அட்டை தயாரித்து டிசைன் டீமுக்கு அனுப்பினார்கள். குடோனில் முடங்கிக் கிடந்த பணம் புதுத் துணியாக வெளியே வந்தது.

முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. ஓர் ஆலையின் ஆண்டு லாபம் 3 லட்சம் டாலருக்கு மேல் உயர்ந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்குள், உதவி பெற்ற நிறுவனங்கள் கூடுதலாக ஆலைகளையும் திறந்தன. முடிவுகள் 2013-ல் 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' இதழில் வெளியாயின.

அப்படியானால் முன்பே ஏன் செய்யவில்லை?

இவ்வளவு லாபம் தரும் விஷயத்தை ஒரு முதலாளி ஏன் விட்டுவைத்தார்? சில நடைமுறைகளை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டவற்றால் பலன் வரும் என்று நம்பவில்லை. "பக்கத்து ஆலைத் துணி மாதிரிதான் நம்ம துணியும் இருக்கு, லாபமும் வருது, அப்புறம் எதுக்கு?" என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். தன் லாபத்தோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும்வரை அது தப்பாகவும் தெரியாது.

சரி, மோசமாக நிர்வகிக்கும் நிறுவனத்தைப் போட்டி தூக்கி எறிந்திருக்க வேண்டாமா? எறியவில்லை. சீனத் துணிக்கு இறக்குமதி வரி இருந்தது. நன்றாக நடக்கும் நிறுவனமும் அதிகம் வளர முடியவில்லை, ஏனென்றால் முக்கியப் பொறுப்புகளைக் குடும்பத்துக்கு வெளியே கொடுக்க முதலாளிகள் தயாராக இல்லை. திருட்டு நடந்தால் கோர்ட்டுக்குப் போய்ப் பணத்தை மீட்பது எளிதல்ல என்பது அவர்கள் கணக்கு. நிறுவனம் எவ்வளவு பெரிது என்பதை, முதலாளி குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதே பெருமளவு தீர்மானித்தது! தினசரி எண்கள் மேசைக்கு வர ஆரம்பித்ததும், ஆலை மேனேஜர்களுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுக்கும் தைரியம் வந்தது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து

பொதுவாக ஆய்வுக் கட்டுரை வெளியானதும் கதை முடிந்துவிடும். இந்தக் குழு 2017-ல் திரும்பப் போய்ப் பார்த்தது. கொண்டுவந்த நடைமுறைகளில் பாதியளவு கைவிடப்பட்டிருந்தன. ஆனாலும் உதவி பெற்ற ஆலைகளுக்கும் பெறாதவற்றுக்கும் இடையே பெரிய இடைவெளி அப்படியே இருந்தது. நல்ல நடைமுறைகள் அதே முதலாளியின் மற்ற ஆலைகளுக்குப் பரவியிருந்தன. அடுத்த நிறுவனத்துக்கு மட்டும் அவ்வளவாகப் பரவவில்லை.

கைவிடக் காரணம் கேட்டபோது அதிகம் வந்த பதில்களில் இரண்டு: மேனேஜர் மாறிவிட்டார், முதலாளிக்கு நேரமில்லை. டீம் லீட் வேறு கம்பெனிக்குப் போன மறுமாதமே அவர் உருவாக்கிய டிராக்கர் ஷீட்டை யாரும் திறக்காமல்விட்ட அனுபவம் இருப்பவர்களுக்கு இது புரியும்.

இன்னொரு நியாயமான கேள்வி: ஆலைக்கு 2.5 லட்சம் டாலர் செலவழித்து எத்தனை நிறுவனங்களைத் திருத்த முடியும்? இதற்குப் பதில் தேடி, கொலம்பியாவில் வாகன உதிரிபாக நிறுவனங்களிடம் மெக்கென்சியும் வேறு இரு ஆய்வாளர்களும் இரண்டு வழிகளை ஒப்பிட்டார்கள். ஒன்று, மும்பையைப் போலத் தனித்தனியாக ஆலோசனை. இன்னொன்று, விவசாயிகளுக்கு விரிவாக்கப் பணியாளர்கள் சொல்லிக்கொடுக்கும் பாணியில், நிறுவனங்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து உட்கார வைப்பது. செலவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

நிர்வாகம் மேம்பட்ட அளவு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அடுத்த மூன்று ஆண்டுகளில் விற்பனையும் லாபமும் குறிப்பிடும்படி உயர்ந்தது, குழுவாக உட்கார்ந்த நிறுவனங்களில் மட்டுமே.